லாகின் இல்லாமல் நீலகிரிக் கற்குவைகள்: நூலகங்களோடும் இணையக் களஞ்சியங்களோடும் என் அனுபவம்

பல்கலைக்கழக லாகின் இல்லை, ஆய்வு மாணவர் அட்டை இல்லை, வழிகாட்டி என்று யாரும் இல்லை. பிழைப்புக்கு வேறு வேலை. நீலகிரியின் பழைய கல்லறைகளையும் அந்த மலையின் பழங்குடிகளையும் பற்றிப் படிப்பது ஆசைக்கு. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு பத்து வருஷத்துக்கும் மேலாக இதைச் செய்துவருகிற ஒருவனுக்கு எந்த நூலகம் கைகொடுத்தது, எந்தத் தளம் காலை வாரியது என்பதுதான் இந்தப் பகிர்வு. கல்லூரி வளாகத்துக்குள் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. அவர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' இருக்கிறது. அரசுக் கல்வி நிறுவனத்தில் படித்தாலோ வேலை பார்த்தாலோ ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள் திறக்கும். வெளியாளுக்கு அந்தக் கதவு சாத்தியேதான் இருக்கிறது.

நீலகிரியை எடுத்துக்கொண்டதில் ஒரு வசதி, ஒரு சிக்கல். மலை முகடுகளில் பழங்காலக் கல்லறைகளான கற்குவைகளும் கல்வட்டங்களும் கிடக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் அவற்றைத் தோண்டியபோது, மூடியின் உச்சியில் எருமை உருவம் உட்கார்ந்திருக்கும் சுடுமண் கலங்கள் கிடைத்தன. அதே மலையில் தோடர்கள் இன்றும் எருமை வளர்க்கிறார்கள்; அவர்களுடைய சாவுச் சடங்கில் எருமைக்கு முக்கிய இடம் உண்டு. அந்தக் குவைகளை எழுப்பியது அவர்கள் முன்னோரா, வேறு யாராவதா என்ற வழக்கு 1840-களிலிருந்து நடக்கிறது. ஆகவே தொல்லியலை மட்டும் படித்துத் தப்பிக்க முடியாது, மானிடவியலும் வேண்டும். நூலக அலமாரியோ இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. டூயி எண் முறையில் தொல்லியல் 930.1, பண்பாட்டு மானிடவியல் 306, தமிழ்நாட்டு வரலாறு 954.82. ஒரே விஷயத்துக்கு மூன்று ரேக். 306-ஐ மட்டும் துழாவிவிட்டுத் திரும்பினால் கல்லறை பற்றி ஒன்றும் இல்லையென்றே நினைத்துக்கொள்வோம்.

இணையத்தில் எல்லோரையும் போல நானும், ஸ்கேன் செய்த பழைய நூல்களின் இலவசக் கிடங்கான இன்டர்நெட் ஆர்க்கைவில்தான் ஆரம்பித்தேன். இன்னும் தினமும் திறப்பது அதைத்தான். நீலகிரியின் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் 1872-ல் இறந்துபோக, அவர் எழுதி வைத்ததை அவருடைய மனைவி 1873-ல் புத்தகமாக்கினார். அந்தப் புத்தகம், 1880-இல் வந்த கிரிக்கின் மாவட்ட மேனுவல், 1908-இன் பிரான்சிஸ் கெஜட்டியர், 1906-இல் வந்த ரிவர்ஸின் தோடர் நூல், எல்லாம் அங்கே இலவசம். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளும் அங்கே உண்டு; ஆனால் அவற்றை குட்டன்பர்க் என்ற இலவச மின்நூல் தளத்தில் படிப்பதே உத்தமம், எழுத்து சுத்தமாக இருக்கும், சொல் தேடினால் மாட்டும். தோடர்கள் ஏழாம் தொகுதியில்.

தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி வராது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் நீலகிரியை என்-னுக்குப் பின் ஈ, ஐ போட்டு, ஜி-க்குப் பின் எச் சேர்த்து, இரட்டை ஆர் வைத்து எழுதியிருப்பார்கள். 1847-ல் மெட்ராஸ் ஜர்னலில் கட்டுரை எழுதிய காங்க்ரீவ் தோடர்களை 'தௌதவர்' என்கிறார். பிரீக்ஸ் 'நீலகிரி'யில் நடுவே ஓர் ஏ போடுகிறார். இப்படி ஒரு நான்கைந்து கூட்டலை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு தளம் கிடைத்தால் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பேன்.

ஸ்கேன் தரம் வேறு கதை. பழைய டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவிலிருந்து வந்த கோப்புகளைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அடையாள எண்ணிலேயே 'டிஎல்ஐ 2015' என்று இருக்கும். தலைப்பில் பிழை இருக்கும். கருப்பு வெள்ளையில் அடித்திருப்பதால் புகைப்படத் தகடுகள் மை கொட்டிய மாதிரி தெரியும். மடித்து வைத்த வரைபடத்தை விரிக்காமலேயே ஸ்கேன் செய்த பிரதிகளும் ஏராளம். தொல்லியல்காரனுக்கு எழுத்தைவிடப் படமும் வரைபடமும்தான் முக்கியம் என்பதால் ஒரே புத்தகத்துக்கு இரண்டு மூன்று பிரதி இருந்தால் எல்லாவற்றையும் திறந்து பார்த்து, படம் நன்றாக இருப்பதை வைத்துக்கொள்கிறேன். ரிவர்ஸ் நூலின் வம்சாவளி அட்டவணைகளை, ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் குதறி வைத்திருக்கும். அங்கே தேடல் பெட்டி உதவாது, கண்ணால்தான் படிக்க வேண்டும். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலில் அந்தத் தளமே படுத்துக்கொண்டது நினைவிருக்கலாம். அதற்குப் பிறகு அவசியமானவற்றை ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டுவிடுகிறேன்.

பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து நடத்தும் ஹாதிடிரஸ்ட் மின்நூலகம் பற்றி ஒரே வரி: அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவருக்கு முழுதாகத் திறக்கும் பல பழைய நூல்கள் நமக்குத் திறக்காது, ஆனால் தேடிய சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும், அதுவே சில நாள் போதும்.

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். குறை எந்தத் தளத்தின் மீதும் இல்லை, மொத்த ஏற்பாட்டின் மீது. இலவசமாகக் கிடைப்பது எல்லாம் காப்புரிமை தீர்ந்தது. தீர்ந்தது எல்லாம் காலனியக் காலத்தது. காங்க்ரீவுக்குத் தோடர்கள் ஸ்கைத்தியர் என்ற பண்டைய யூரேசிய நாடோடிகளின் வழிவந்தவர்கள். அவருக்கு முன்னும் பின்னும் எழுதியவர்கள் ஆளுக்கொரு தொலைதேசத்தைப் பிடித்தார்கள். 1950-களில்கூடக் கிரேக்க இளவரசர் பீட்டர் தோடருக்குச் சுமேரியத் தொடர்பு சொன்னார். இதையெல்லாம் ஒரு சொடுக்கில் படித்துவிடலாம். தோடர் மொழி திராவிட மொழிதான் என்று ஒலி ஒலியாக நிறுவிய மொழியியலாளர் எமனோவின் 1957 கட்டுரையோ எளிதில் கிடைக்காது. நீலகிரிக் கல்லறைகளையும் மாயாற்றுப் பள்ளத்தாக்கையும் புதிதாக ஆராய்ந்த சாகரெல்லின் 1997 கட்டுரை ஒரு தொகுப்பு நூலுக்குள் இருக்கிறது, அதுவும் அப்படியே. இலவசத்தை மட்டும் நம்பிப் படிக்கிறவன் தலைக்குள் தானாகவே 1873 உட்கார்ந்துகொள்கிறது. யூடியூபில் தோடர் பற்றி வரும் காணொளிகளில் ஸ்கைத்தியரும் கிரேக்கரும் இன்னும் சாகாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். சோம்பேறித்தனம் என்று யாரையும் திட்ட மாட்டேன், கிடைத்ததைத்தானே படிப்பார்கள்.

சுமாராக 1925 முதல் 2000 வரையிலான இந்தப் பள்ளத்தைத் தாண்ட நான்கைந்து பலகைகள் உண்டு.

முதல் பலகை, ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோர். தனிநபர் கணக்கு இலவசம். 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது. நீலகிரிக் கற்திட்டைகள் (பலகைக் கற்களை நிறுத்தி மேலே கல் மூடிய அமைப்புகள்) பற்றி வில்லியம் நோபிள் 'ஆந்த்ரோபோஸ்' இதழில் 1976-இல் எழுதியதையும், நீலகிரிப் பழங்குடிகளிடையே ஏற்பட்ட பண்பாட்டு மாற்றம் பற்றி மாண்டல்பாம் 1941-இல் எழுதியதையும் அங்கேதான் படித்தேன். இறக்க முடியாததில் ஒரு நன்மையும் இருக்கிறது. குறிப்பு எடுத்தே ஆகவேண்டும், படிக்காத பிடிஎஃப் குவியாது. சாதாரண வாசகனுக்கு மாதம் 100 தாராளம். இந்தப் பட்டியலில் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன் என்றால் இதற்குத்தான்.

இரண்டாவது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய டிஜிட்டல் நூலகம். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984 பதிப்பு அங்கே முழுக்கத் தேடக் கிடைக்கிறது. பழைய நூல் ஏதாவது ஒரு தோடர் சொல்லைக் காட்டி "இது பாரசீகம், இது கிரேக்கம்" என்று கதை கட்டினால், அகராதியில் போட்டுப் பார்ப்பேன். தமிழ், கன்னடம், நீலகிரியின் இன்னொரு பழங்குடியான கோத்தரின் மொழி எல்லாம் வரிசையாகப் பக்கத்தில் நிற்கும். கதை அதோடு முடிந்தது.

மூன்றாவது, ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் எல்லாருக்கும் திறந்த கிடங்கு. தரம் மேடும் பள்ளமுமாக இருக்கும். சில ஆய்வேடுகளில் தர்ஸ்டனைப் பக்கம் பக்கமாக எடுத்துப் போட்டிருப்பார்கள், மேற்கோள் குறிகூட இருக்காது. சிலவற்றில் களப்பணி அற்புதமாக இருக்கும், ஆனால் அச்சில் வரவே வந்திருக்காது. ஓர் ஆய்வேடு ஒரே கோப்பாக இல்லாமல் தலைப்புப் பக்கம், சான்றிதழ், உள்ளடக்கம், இயல்கள் என்று எண் போட்ட துண்டுகளாகக் கிடக்கும். நான் முதலில் திறப்பது கடைசிப் பக்கமாக இருக்கும் நூற்பட்டியல் கோப்பை. அதில் நோபிளும் எமனோவும் இல்லையென்றால் மற்ற இயல்களை இறக்கி டேட்டாவைச் செலவழிப்பதில்லை.

யேல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மனித உறவுப் பகுதிக் கோப்புகள் 1949-இலிருந்து நடப்பவை. மானிடவியல் நூல்களைப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திக்கும் பொருள் எண் கொடுத்திருப்பார்கள்: அடக்கமும் சாவுச் சடங்கும் 764, வளர்ப்பு விலங்குகள் 231, பால்பண்ணை 234. இணையப் பதிப்புக்கு நிறுவனச் சந்தா வேண்டும், எனக்குக் கிடையாது. ஆனால் அந்த எண் பட்டியல் இலவசம். அதை அப்படியே என் குறிப்பேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். ரிவர்ஸைப் படித்தாலும் ஷோத்கங்காவைப் படித்தாலும் குறிப்பின் ஓரத்தில் 764 என்றோ 234 என்றோ எழுதிவிடுகிறேன். இப்போது எருமை பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்று அடுக்கிப் பார்ப்பது சுலபம். சந்தா கட்டாமலே அதன் மூளையை மட்டும் வாங்கிக்கொண்டாகிவிட்டது. டி-பிளேஸ் என்ற இலவசத் தளத்திலும் தோடர் இருக்கிறார்கள், 1900-ஐ ஒட்டிய தரவாக. உலகச் சமூகங்களோடு ஒப்பிட எண்கள் வேண்டுமென்றால் போகலாம், எனக்கு ஒட்டவில்லை.

கல்லறைப் பொருள்களைப் படத்தில் பார்க்க பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையப் பட்டியல் நன்று. கண்டெடுத்த இடம் என்பதில் நீலகிரி என்று போட்டால் பதிவு எண், அளவு, படம் என வரிசையாக வரும்.

இனி நேரில் போக வேண்டிய இடங்கள். சென்னையில் கன்னிமாராவும் அரசு அருங்காட்சியகமும் பாந்தியன் சாலையில் ஒரே வளாகம். 1896-இல் திறந்த அந்த நூலகத்தில் காலையில் பழைய மியூசியம் வெளியீடுகளைப் படித்துவிட்டு, மதியம் பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்து போய்ப் பொருளையே பார்க்கும் வசதி வேறெங்கும் எனக்கு அமைந்ததில்லை. பிரீக்ஸ் தோண்டியெடுத்த தொகுப்பு அந்த அருங்காட்சியகத்தினுடையது. எல்லாம் காட்சியில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் எருமை மூடி ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த பிறகு, ஸ்கேனில் மை கொட்டியிருந்த தகட்டில் என்ன இருந்தது என்பது விளங்கிவிடும். கொம்பின் வளைவைக் குயவர் எவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார் என்பது எந்த ஸ்கேனிலும் வராது.

ஊட்டியில் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம் உறுப்பினருக்கானது. போகும் முன் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. மக்கள் கணக்கெடுப்புத் துறை 1961 கணக்கெடுப்பையொட்டித் தேர்ந்தெடுத்த கிராமங்களில் எடுத்து வெளியிட்ட ஆய்வறிக்கைகளையும் விடக்கூடாது; வீடு, பாத்திரம், கடன், கல்யாணம் என்று அந்த ஊரின் அன்றைய நிலவரம் முழுக்க இருக்கும். பள்ளத்தின் நடுவில் கிடைக்கும் அபூர்வமான இலவசப் பலகை அது.

பெயர் சொல்லாமல் ஒரு புலம்பல். ஒரு பெரிய நூலகத்தின் கணினிப் பட்டியலில் 'உள்ளது' என்று பல வருஷமாகக் காட்டும் ஒரு புத்தகம் எனக்காக ஒருமுறையும் ரேக்கில் இருந்ததில்லை. கேட்டால் "பைண்டிங்குக்குப் போயிருக்கு சார்." அங்கேயே வேலை பார்க்கும் ஓர் அம்மா, "அந்தப் புத்தகத்தை விடுங்க தம்பி, அதையே இவர் எழுதியிருக்காரு பாருங்க" என்று வேறொரு தொகுப்பை எடுத்துக் கொடுத்தார். எந்தத் தேடல் பெட்டியும் அதைச் செய்ததில்லை.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பிலோ இருதயநாத் பழங்குடிகளைத் தேடித் தேடிப் போய் எழுதியவை, பக்தவத்சல பாரதியின் மானிடவியல் நூல்கள். இருதயநாத்தை ஆய்வாளராக எண்ணிப் படிக்க வேண்டாம், கண்ணும் காதும் திறந்த பயணியாகப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடலாம், ஆனால் அங்கேயும் ஆசிரியர் பெயரைப் பல விதமாக அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

காசு கொடுத்து ஏதாவது ஒன்று வாங்குவதென்றால், பால் ஹாக்கிங்ஸ் பதிப்பித்து 2012-இல் மனோகர் வெளியிட்ட இரண்டு தொகுதி நீலகிரிக் கலைக்களஞ்சியத்தைச் சொல்வேன். அவரே நீலகிரி பற்றி வந்த எழுத்துகளுக்கெல்லாம் தனி நூற்பட்டியல் போட்டவர். முதல் பதிப்பு 1978. அந்தப் பட்டியலை எங்காவது ஒரு நூலகத்தில் பார்க்க வாய்த்தால் உங்களுக்கு வேண்டிய பக்கங்களைக் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு தேடுவது பாதியாகக் குறையும். கலைக்களஞ்சியம் விலை அதிகம், பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் இரண்டு தொகுதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.