பில்லில் எம்2, கையில் டி3: கோட்டிங் போட்ட பஞ்ச் வாங்குபவர்கள் கவனத்துக்கு

கோவையில் சின்ன பிரஸ் ஷாப் நடத்துகிறேன். எஸ்.எஸ். 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷீட்டில் பம்ப் பாகங்களுக்கான வாஷர், பிராக்கெட் அடிப்பதுதான் முக்கிய வேலை. 304 எப்படிப்பட்டது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெட்டும்போதே இறுகும், ஷீட்டை அடித்துத் துளைக்கும் கருவியான பஞ்சின் பக்கவாட்டில் ஒட்டும், ஒட்டியது அடுத்த அடியில் பஞ்சையே பிய்க்கும். அதனால்தான் இந்த முறை விலை கூடினாலும் பரவாயில்லை என்று எம்2 ஹைஸ்பீட் ஸ்டீலில் பஞ்ச், மேலே டைட்டானியம் கார்போநைட்ரைடு கோட்டிங் என்று ஆர்டர் கொடுத்தேன். பர்ச்சேஸ் ஆர்டரிலும் (பி.ஓ.) அப்படியே எழுதினேன், பில்லும் அப்படியே வந்தது. வந்த பஞ்ச் எம்2 இல்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன், இன்னொருவர் மாட்டக் கூடாது.

பஞ்சுகள் பார்க்க அருமையாக இருந்தன. நீலச் சாம்பல் நிறம், பக்கவாட்டில் நல்ல மினுமினுப்பு. கூடவே ராக்வெல் ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) 61 என்று ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ரிப்போர்ட், ஸ்டீல் மில்லின் டெஸ்ட் சர்ட்டிபிகேட் நகல். எல்லாம் முறையாகத் தெரிந்தது. ஆனால் பழைய கோட்டிங் இல்லாத டி2 பஞ்ச் அடித்த அளவில் பாதிகூட இவை அடிக்கவில்லை. முதலில் ஓரம் மழுங்கி பிசிறு வந்தது. கழற்றிப் பார்த்தால் வெட்டும் ஓரத்தை ஒட்டி கோட்டிங் செதில் செதிலாகப் போயிருந்தது. உரிந்த இடத்தில் ஷீட் ஒட்டி, பஞ்சிலிருந்து ஷீட்டைப் பிரிக்கும் ஸ்ட்ரிப்பர் இழுக்கும்போது பஞ்ச் கீறியிருந்தது. எங்கள் டூல் ரூம் தம்பி ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது தேயலைங்க, அமுங்கியிருக்குங்க" என்றார். அங்கேதான் சந்தேகம் வந்தது.

சப்ளையரைக் கூப்பிட்டால் பதில் தயாராக இருந்தது. "உங்க பிரஸ்ல அலைன்மென்ட் பாருங்க சார், கிளியரன்ஸ் கம்மியா வெச்சிருப்பீங்க." இதை உடனே தள்ளிவிட முடியாது. கிளியரன்ஸ், அதாவது பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விடும் இடைவெளி, ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எந்த ஸ்டீலும் நிற்காதுதான். ஆனால் அதே டை செட், அதே பிரஸ், அதே ஷீட்டில்தான் பழைய பஞ்ச் ஓடியது. தேய்மானமும் ஒரு பக்கம் இல்லை, சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தது.

ஒரு பஞ்சின் தலைப்பக்கத்தை வெட்டி, தரச்சான்று பெற்ற லேபில் கொடுத்தேன். இரண்டு விஷயம் வெளியே வந்தது. ஒன்று, ஹார்ட்னஸ் 61 இல்லை, 55-ஐ ஒட்டித்தான் இருந்தது. இரண்டாவது, ரசாயனம். எம்2 என்றால் டங்ஸ்டன் 6 சதவீதம், மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2 என்ற கணக்கில் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் குரோமியம் 12-ஐ ஒட்டி, கார்பன் 2-க்கு மேல், டங்ஸ்டனும் மாலிப்டினமும் பெயருக்குத்தான். அதாவது டி3 என்ற வேறொரு டூல் ஸ்டீல். நம் பட்டறைகளில் ஹெச்.சி.ஹெச்.சி.ஆர். (அதிகக் கார்பன், அதிகக் குரோமியம்) என்று பொதுவாகச் சொல்லி டி2-வையும் டி3-யையும் ஒன்றாகவே விற்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. டி2-வில் கார்பன் 1.5 அளவு, மாலிப்டினமும் வனேடியமும் உண்டு. டி3-யில் கார்பன் அதிகம், மற்ற இரண்டும் கிட்டத்தட்டக் கிடையாது.

டி3 மட்டமான ஸ்டீல் என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தேய்மானம் தாங்கும், சாதாரண வேலைக்குப் போதும். இந்தக் கோட்டிங்குக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். டி3-யை வழக்கமாக 200 டிகிரி அளவில் டெம்பர் செய்துதான் (கடினமாக்கிய ஸ்டீலை மறுபடி அளவாகச் சூடாக்கித்தான்) 60, 61 ஹார்ட்னஸ் எடுப்பார்கள். இந்த மாதிரிக் கோட்டிங்கை ஆவியாகப் படியவைக்கும் பி.வி.டி. கோட்டிங் அறையிலோ வெப்பம் பெரும்பாலும் 400 முதல் 500 டிகிரி வரை போகும். டெம்பர் செய்த சூட்டைவிட அதிகச் சூட்டில் பஞ்ச் மணிக்கணக்கில் இருந்தால் அது மறுபடி டெம்பர் ஆகி இளகிவிடும். எனக்குக் கொடுத்த 61 என்ற ரிப்போர்ட் பொய்யில்லை. அது கோட்டிங்குக்கு முன்பு எடுத்தது. கோட்டிங்குக்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

எம்2-வை 550 டிகிரி அளவில் மூன்று முறை டெம்பர் செய்வார்கள். அதனால் கோட்டிங் சூடு அதை ஒன்றும் செய்யாது. கோட்டிங்கின் தடிமன் 2 முதல் 5 மைக்ரான்தான். கோட்டிங் எவ்வளவு கடினமாக இருந்தாலும் கீழே தாங்க ஸ்டீல் வேண்டும். இல்லாவிட்டால் சேற்றுத் தரையில் ஓடு பதித்த கதைதான், மிதித்ததும் விரிசல் விடும்.

சர்ட்டிபிகேட் விஷயம் இன்னும் மோசம். நிதானமாகப் படித்தபோது அது 80 மி.மீ. ரவுண்டு பாருக்கான சான்று என்று தெரிந்தது. என் பஞ்சுகள் 20 மி.மீ.க்கும் கீழே. 80 மி.மீ. பாரிலிருந்து யாரும் இந்த அளவுக்குக் கடைந்து எடுக்க மாட்டார்கள், நஷ்டம். வேறு எதற்கோ வாங்கிய உண்மையான எம்2 பாரின் சான்றை நகல் எடுத்து எல்லா பில்லோடும் இணைக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு.

கோட்டிங் போட்ட சென்டரிலும் விசாரித்தேன். அவர்கள் மேல் தப்பில்லை. ஸ்டீல் எது, எத்தனை டிகிரியில் டெம்பர் என்று கேட்டுத்தான் வேலை எடுக்கிறார்கள். எம்2, 550 டிகிரி என்று எழுதிக் கொடுத்தது சப்ளையர்.

இனி வாங்கும்போது நான் செய்வது இதுதான். பி.ஓ.விலேயே ஸ்டீல் கிரேடு, டெம்பர் சூடு, கோட்டிங் பெயர், கோட்டிங்குக்குப் பிந்தைய ஹார்ட்னஸ் நான்கையும் எழுதுகிறேன். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பஞ்சைக் கூடுதலாகச் செய்யச் சொல்லி அதை வெட்டிப் பார்க்கிறேன். கையில் பிடித்து எக்ஸ்-ரேயால் உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியால் கார்பனைக் காட்ட முடியாது, ஆனால் டங்ஸ்டனும் மாலிப்டினமும் இருக்கிறதா என்று உடனே சொல்லிவிடும். எம்2 என்று சொல்லி டி3 தருகிறார்களா என்று பார்க்க அதுவே போதும். சோதிக்கும் இடத்தில் கோட்டிங்கைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ராக்வெல் ஹார்ட்னஸ் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், 61 என்பது டி3-யிலும் வரும், டி2-விலும் வரும், எம்2-விலும் வரும்.

மின்பொறியால் உலோகத்தை வெட்டும் ஒயர்கட்டில் வெட்டிய பஞ்சானால் மேலே உருகி உறைந்த மெல்லிய படலம் இருக்கும். அதைக் கிரைண்டிங், பாலிஷ் செய்து எடுக்காமல் கோட்டிங் போட்டால் படலத்தோடு கோட்டிங்கும் வந்துவிடும். கிரைண்டிங் கோடுகள் பஞ்சின் நீளவாக்கில் இருப்பதும் முக்கியம்.

எல்லாவற்றுக்கும் எம்2 தேவையா என்றால், இல்லை. மைல்டு ஸ்டீல் 1 மி.மீ. ஷீட், நடுத்தர எண்ணிக்கை என்றால் கோட்டிங் இல்லாத டி2 போதும். டி2-வுக்கே கோட்டிங் போடுவதானால் 520 டிகிரி அளவில் டெம்பர் செய்யச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். ஹார்ட்னஸ் ஒன்றிரண்டு புள்ளி குறையும், ஆனால் கோட்டிங்குக்குப் பிறகும் அப்படியே நிற்கும். பஞ்ச் முனை உடைவதுதான் பிரச்சினை என்றால் கோட்டிங் அதைத் தீர்க்காது. அங்கே உலோகத் தூளிலிருந்து செய்யும் பவுடர் மெட்டலர்ஜி ஸ்டீல் பக்கம் போவதுதான் சரி, விலை வலிக்கும்.

பணம் என்னாச்சு என்று கேட்பீர்கள். லேப் ரிப்போர்ட்டைக் காட்டியதும் "வேற பஞ்ச் போட்டுத் தரேன்" என்றார்கள். மறுத்துவிட்டேன். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, பெயரும் விவரமும் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும். இதைக் குறிப்பிட்டு வக்கீல் நோட்டீஸ் போன பிறகு பஞ்சின் விலை மட்டும் திரும்பி வந்தது. கீறல் விழுந்த டையைச் சரிசெய்த செலவும், சப்ளை தாமதமாகி வாடிக்கையாளரிடம் கேட்ட பேச்சும் என் கணக்கில்தான். பில்லில் வெறும் "பஞ்ச்" என்று எழுதியிருந்தால் அந்த விலையும் வந்திருக்காது. "டூல் ஸ்டீல் பஞ்ச்" என்று மொட்டையாகப் பில் போடுபவர்களிடம் கிரேடு எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் ஆர்டரை நிறுத்திவிடுங்கள்.

சமீபத்தில் கோட்டிங் பஞ்ச் வாங்கி, அது சீக்கிரமே உரிந்திருந்தால் அந்தத் துண்டைப் பழைய இரும்பில் போட்டுவிடாதீர்கள். ரீகிரைண்டும் (மறுபடி சாணை பிடிப்பதும்) செய்ய வேண்டாம். பில், சர்ட்டிபிகேட் நகலோடு சேர்த்துக் கட்டி எடுத்து வைத்து, முதலில் அந்தச் சர்ட்டிபிகேட்டில் இருக்கும் பார் அளவைப் பாருங்கள்.