பத்து வயது தாண்டிய ஏசி: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

சென்னையில் எங்கள் வீட்டில் இரண்டு ஸ்பிளிட் ஏசி. 2014 கோடையில் ஒரே நாளில் மாட்டியவை. இரண்டும் ஒன்றரை டன், மூன்று ஸ்டார், உள்ளே குளிரூட்டுவது ஆர்-22 என்ற பழைய வகைக் கேஸ். சில வாரங்கள் முன்னும் பின்னுமாக இரண்டும் படுத்துவிட்டன. ஹாலில் இருந்ததைப் பழுது பார்த்தேன், படுக்கையறையில் இருந்ததை மாற்றினேன். வயது ஒன்றுதான், மாடலும் ஒன்றுதான். அப்படியிருந்தும் முடிவு வேறானதற்குக் காரணம், எந்த பாகம் போனது, மெஷின் வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற இரண்டே கேள்விகள்.

ஹால் ஏசியில் வெளி யூனிட் 'ம்ம்ம்' என்று முனகியது, ஃபேன் சுற்றவில்லை. மெக்கானிக் மூடியைக் கழற்றியதும், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது எனக்கே தெரிந்தது. புதிது போட்டு, கூலியும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கெபாசிட்டர், ஃபேன் மோட்டார், சென்சார் மாதிரி சாமான்கள் போனால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிக்கொண்டு ஓட்டலாம்.

படுக்கையறை ஏசி கதை வேறு. இரண்டு வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் மூவாயிரம் ரூபாய்க்குக் கேஸ் போட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாவது முறையும் "கேஸ் போட்டா ஓடும் சார்" என்றார் மெக்கானிக். "அது சரி தம்பி, போன வருஷம் போட்ட கேஸ் எங்கே போச்சு?" என்று கேட்டேன். ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். கூலிங் காயிலின் ஓரத்து வளைவில், எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் மெதுவாக ஊதிக்கொண்டு வந்தன. ஒன்றல்ல, மூன்று இடத்தில். ஒன்றைப் பற்றவைத்தால் அடுத்தது திறக்கும்.

புது காயில், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய் கேட்டார்கள். அதற்குப் பிறகும் கம்ப்ரசர் பழசுதான், அதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆர்-22 ஓசோனைக் கெடுக்கும் கேஸ். 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி உலகமே அதைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. 2025 தொடக்கத்திலிருந்து இந்தியாவில் புது மெஷின்களை அதை வைத்துத் தயாரிக்க முடியாது. பழுது வேலைக்கு மட்டும் இன்னும் சில காலம் கிடைக்கும். ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி: பணமும் போகிறது, கேஸும் காற்றில் போகிறது.

அடுத்தது கரண்ட் கணக்கு. பழைய மெஷின் கம்ப்ரசர் ஓடும்போது மணிக்கு 1.7 யூனிட் அளவுக்கு இழுக்கும், ஓர் இரவுக்குச் சுமார் 10 யூனிட். ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) என்றால் 6 யூனிட் போதும். வருஷத்தில் 240 இரவு என்று வைத்தால் 960 யூனிட் மிச்சம். ஏசி யூனிட்கள் எப்போதும் பில்லின் மேல் படியில்தான் விழும். இரண்டு மாதக் கணக்கில் 600 யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கு மேல். ஆக, வருஷத்துக்கு எட்டாயிரத்துக்குக் குறையாது. புதிது 46,000, பழுது 16,000, வித்தியாசம் 30,000. நான்கு வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடும். ஹால் ஏசியோ விருந்தாளி வந்தால் மட்டும் ஓடுவது, வருஷத்துக்கு நூறு மணி நேரம் இருந்தால் அதிகம். அங்கே புதிது போட்டால் மிச்சம் ஐந்நூறு ரூபாய் தேறும், அவ்வளவுதான்.

புதிது வாங்கினால் நிம்மதி என்றும் சொல்ல மாட்டேன். இன்வெர்ட்டர் போர்டு போனால் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், எல்லா மெக்கானிக்கும் அதில் கை வைக்க மாட்டார். பழைய ஏசியைத் தெருமுனைக் கடைக்காரரே பிரித்துப் பார்த்துவிடுவார். அது உண்மையாகவே பெரிய வசதி. வோல்டேஜ் ஏறி இறங்கும் தெரு என்றால் புது மெஷினுக்கு ஸ்டெபிலைசரையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஸ்டாரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை அளவுகோலை இறுக்குகிறார்கள். அதனால் 2018 லேபிளின் ஐந்து ஸ்டாரும் 2022க்குப் பிறகான ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. லேபிளில் வருஷத்தையும், 1,600 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்பதையும் பாருங்கள்.

பழுது பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆர்-22 மெஷினில் ஆர்-32 (புது ஏசிகளில் வரும் கேஸ்) போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதன் அழுத்தம் மிக அதிகம், தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு. மாற்றுகிறவர்கள் சுவரில் இருக்கும் பழைய செம்புக் குழாயையே போதும் என்று விட்டுவிட வேண்டாம், உள்ளே பழைய எண்ணெய் படிந்திருக்கும். எங்கள் வீட்டில் புதுக் குழாய் போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேக்யூம் பம்பை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் கேஸ் வால்வைத் திறக்கச் சொன்னேன். ஏசி மாட்ட வந்த பையன் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.