ஹார்மோன் ஜெல்லும் இரவு மாத்திரையும்: சில வருட அனுபவம்

பீரியட்ஸ் நின்றபோது எனக்கு வயது 48. வகுப்பில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறும். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதையாவது பொறுத்துக்கொண்டேன். ராத்திரித் தூக்கம் போனதுதான் என்னை உலுக்கிவிட்டது. "எல்லாருக்கும் வர்றதுதானேடி, சகிச்சுக்கோ" என்றாள் அக்கா. ஏன் சகிக்க வேண்டும்?

டாக்டரம்மா முதலில் மாமோகிராம், ஸ்கேன், பிரஷர், கொழுப்பு எல்லாம் பார்த்தார். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உண்டா, காலில் ரத்தக்கட்டு வந்ததுண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். அப்புறம்தான் ஈஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஒரு வகை) ஜெல்லும், படுக்கும்முன் போட புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை 100 மி.கி.யும் எழுதினார். கர்ப்பப்பை இருக்கும்போது ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் அதன் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய்வரை போகலாம். அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை.

குளித்துத் துவட்டியதும் ஜெல்லைத் தொடையில் தடவி, காய்ந்தபிறகே புடவை கட்டுவேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். தடவிய இடம் குழந்தைகள்மேல் படக்கூடாது.

முதலில் திரும்பியது தூக்கம். அந்த மாத்திரைக்கே லேசாகத் தூக்கம் வரவைக்கும் குணம் உண்டு. சூடு படிப்படியாக அடங்கியது. ஆரம்ப மாதங்களில் மார்பு கனத்து வலித்தது, அவ்வப்போது திட்டுத்திட்டாக ரத்தம் பட்டது. டாக்டரிடம் சொன்னேன், பிறகு நின்றுவிட்டது. எடை குறையவில்லை. பிறப்புறுப்பு வறட்சிக்குத் தனியாக க்ரீம் தேவைப்பட்டது.

ஹார்மோன் எடுத்தால் புற்றுநோய் வந்துவிடும் என்ற என் தோழிகளின் பயத்துக்கெல்லாம் வேர் 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. சாப்பிட்டது இரண்டு ஹார்மோனும் சேர்ந்த வேறு வகை மாத்திரை. மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது, வருடத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்கு. அது சின்ன விஷயமில்லை. ஆனால் 60 வயதுக்குள், அல்லது பீரியட்ஸ் நின்ற 10 வருடத்துக்குள் தொடங்குகிறவர்களுக்குப் பொதுவாக நன்மையே அதிகம். தோல்வழி போகும் ஜெல்லில் ரத்தக்கட்டு அபாயமும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இருந்தவர்களும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களும் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது.

வருடாவருடம் பரிசோதனை முடிந்தபிறகே டாக்டர் சீட்டைப் புதுப்பித்துத் தருகிறார். எங்கள் ஊரில் எல்லா மெடிக்கலிலும் ஜெல் இருப்பதில்லை. டியூப் தீர்வதற்கு முன்பே சொல்லிவைத்துவிடுகிறேன்.