செம்புக் குளியல் தொட்டிக்கு எந்த ஃபினிஷ்? மெருகு, அடர்பழுப்பு, லாக்கர், முலாம்: ஓர் ஒப்பீடு

செம்புத் தொட்டி வாங்குபவர்கள் அதன் வடிவத்தையும் நீள அகலத்தையும் நாள்கணக்கில் அலசுவார்கள். மேற்பரப்பு என்று வரும்போது மட்டும் படத்தைப் பார்த்துச் சட்டென்று ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். படத்தில் இருப்பது முதல் நாள் தொட்டி. நாம் குளிக்கப்போவதோ ஐந்நூறாவது நாள் தொட்டியில். அதனால் எந்த ஃபினிஷைப் பார்த்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதில் ஒரு கீறல் விழுந்தால் அப்புறம் என்ன ஆகும், அதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

தொட்டிக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதையும் பலர் யோசிப்பதில்லை. உட்புறம் வெந்நீர், சோப்பு, ஷாம்பு, உடம்பின் உராய்வு எல்லாவற்றையும் தினமும் தாங்க வேண்டும். வெளிப்புறத்தைத் தொடுவது ஈரக்காற்றும் கைத்தடமும் அவ்வப்போது தெறிக்கும் நீரும் மட்டுமே. இரண்டுக்கும் ஒரே ஃபினிஷ் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

முதலில் கண்ணாடி மெருகு. புதிதாகத் தேய்த்த செம்பின் அந்த இளஞ்சிவப்புக்கு ஈடான நிறம் வேறு எந்த உலோகத்திலும் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் காற்று பட்டதுமே குப்ரஸ் ஆக்சைடு என்ற மெல்லிய செம்பழுப்புப் படலம் உருவாகத் தொடங்கிவிடும். ஈரமும், விரல் பட்ட இடத்தில் தங்கும் உப்பும் அதை இன்னும் விரைவுபடுத்தும். தினமும் புழங்கும் தொட்டியின் உட்புறம் சில வாரங்களிலேயே திட்டுத் திட்டாகப் பழுப்பேறும். கீறலைப் பாலிஷ் போட்டே எடுத்துவிடலாம், அது பெரிய வசதி. ஆனால் மெருகு நிலைக்க வேண்டுமென்றால் பாலிஷ் போடுவது ஓயாத வேலையாகிவிடும். தொட்டியின் உள்ளே குனிந்து, மூலை வளைவுகளை எல்லாம் தேய்க்கும் அந்த உழைப்பை ஆண்டுக்கணக்கில் தொடர முடியும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் உட்புறத்துக்கு இதை எடுக்கட்டும்.

இதற்கு நேர் எதிர், பழமையேற்றிய அடர்பழுப்பு. நெருப்பு காட்டியோ, கந்தகச் சேர்மம் கலந்த கரைசலைத் தடவியோ பட்டறையிலேயே கருமையேற்றுவார்கள். பிறகு மேடான இடங்களை லேசாகத் தேய்த்து, அடியிலுள்ள சிவப்பு கொஞ்சம் எட்டிப்பார்க்கும்படி விடுவார்கள். மேலே வேறு பூச்சு தேவையில்லை, நிறமே செம்பின் சேர்மம்தான். செம்பழுப்பைத் தருவது குப்ரஸ் ஆக்சைடு. கருமையைத் தருவது குப்ரிக் ஆக்சைடும் செம்புச் சல்பைடும். உயிரோடு பிணைந்த ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் செம்பின் களிம்பை உவமையாகச் சொல்லும், இடையில் வந்து ஒட்டியதாக இல்லாமல் கூடவே இருப்பது என்ற பொருளில். இந்தப் பழுப்புக்கும் அது பொருந்தும். கீறல் விழுந்தால் வெளிர்சிவப்பாக ஒரு கோடு தெரியும். எதுவும் செய்ய வேண்டாம். அந்தக் கோடும் மெல்லப் பழுப்பேறிச் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடும். இங்கே பேசுகிற ஃபினிஷ்களில் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்வது இது ஒன்றுதான். எனக்கு இதன்மேல் இருக்கும் பிரியத்துக்குக் காரணமும் அதுவே.

“நாளடைவில் பச்சையாகிவிடாதா?” என்று பலரும் பயப்படுகிறார்கள். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை 1886-ல் திறக்கப்பட்டபோது செம்பு நிறத்தில்தான் இருந்தது. மழையிலும் கடற்காற்றிலும் நின்று பச்சையாக அதற்கே இருபது முப்பது ஆண்டுகள் பிடித்தன. வீட்டுக்குள் இருக்கும், குளித்ததும் துடைத்துவிடும் தொட்டிக்கு அந்த நிலை வராது. எங்காவது பச்சை தெரிந்தால் அங்கே நீர் தேங்குகிறது என்று பொருள்: வடிகால் ஓரம், சோப்பு வைக்கும் இடம், ரப்பர் விரிப்பின் அடி. இந்த ஃபினிஷின் உண்மையான எதிரி அமிலம். வினிகர், எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலம் கலந்த குளியல் உருண்டைகள், அமிலம் சேர்ந்த கழிப்பறைக் கிளீனர் ஆகியவை பட்ட இடத்தில் பழுப்பு கரைந்து பளிச்சென்று ஒரு பொட்டு விழும். அதுவும் மாறும், கொஞ்ச காலம் ஆகும். தொட்டி முழுக்க ஒரே சீரான நிறம் வேண்டும் என்பவர்களுக்கு இது மனக்கஷ்டம் தரும். அவர்கள் இதை எடுக்க வேண்டாம்.

சரி, நிறம் மாறவே கூடாது என்றால்? லாக்கர் என்ற நிறமற்ற காப்புப் பூச்சைக் காட்டுவார்கள். நல்ல பொருள்தான். செம்பையும் அதன் கலவைகளையும் காக்க 1960-களில் உருவான இன்க்ராலாக் என்ற லாக்கர், அக்ரிலிக் பிசினோடு பென்ஸோட்ரையசோல் என்ற அரிப்புத் தடுப்பானைச் சேர்த்துச் செய்தது, இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. படலம் முழுசாக இருக்கும்வரை செம்பு மாறாது. சிக்கல், தொட்டிக்குள் அது முழுசாக இருக்காது என்பதே. வெந்நீரில் உலோகம் விரிந்து சுருங்கும், மோதிரம் உரசும், பாட்டில் தவறி விழும். ஊசிமுனை அளவு ஓட்டை போதும், நீர் அடியில் புகுந்து படலத்துக்குக் கீழே கறுப்புப் படரும். கறை படலத்துக்கு அடியில் இருப்பதால் துடைத்தாலும் தேய்த்தாலும் போகாது. கரைப்பான் ஊற்றி லாக்கர் முழுவதையும் உரித்துவிட்டு மறுபடி பூச வேண்டும். குழாயோடு இணைத்துப் பொருத்திய தொட்டியில் இது எவ்வளவு பெரிய பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு இழப்பும் உண்டு. 2008-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செம்புக் கலவைகளைக் கிருமிகளைக் கொல்லும் பரப்பாகப் பதிவு செய்தது. முறையாகச் சுத்தம் செய்துவரும் பரப்பில், சோதித்த பாக்டீரியாக்களில் 99.9 சதவீதத்துக்கும் மேல் இரண்டு மணி நேரத்தில் அழிகின்றன என்பது அதன் அடிப்படை. மெழுகோ பெயின்ட்டோ லாக்கரோ வார்னிஷோ பூசக்கூடாது என்பது நிபந்தனை. இயல்பாக நிறம் மங்குவது அந்தத் திறனைக் கெடுப்பதில்லை. ஆக, செம்பின் இந்தக் குணத்துக்காகவே தொட்டி வாங்குபவர் உள்ளே லாக்கர் பூசினால் வாங்கிய காரணமே போய்விடுகிறது. லாக்கரின் இடம் வெளிப்புறம். அங்கே அது பல ஆண்டுகள் ஒழுங்காக நிற்கும்.

மெழுகு இடைவழி. தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸ் அளவில்தான் உருகும், கார்னோபா என்ற தாவர மெழுகு உருக 80-ஐத் தாண்ட வேண்டும். 40 டிகிரி குளியல் நீரில் இரண்டுமே உருகாது, ஆனால் சோப்பு மெல்லக் கரைத்து எடுத்துவிடும். விளிம்புக்கும் வெளிப்புறத்துக்கும் துணியில் தடவித் தேய்த்தால் போதும், தேய்ந்ததும் மறுபடி தடவலாம்.

உள்ளே வெள்ளை உலோகம் வேண்டும் என்பவர்களுக்கு வெள்ளீயமும் நிக்கலும் உண்டு. வெள்ளீயம் பூசுவது பழைய முறை. 19-ஆம் நூற்றாண்டுச் செம்புத் தொட்டிகள் பலவற்றின் உட்புறம் வெள்ளீயம்தான். 232 டிகிரியிலேயே உருகிவிடும் மென்மையான உலோகம், அதனால் சொரசொரப்பான நார் பட்டாலே கீறும், நாளாக ஆக மங்கிய சாம்பல் நிறம் ஏறும். தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். நிக்கல் முலாம் இதைவிடக் கடினம். குரோமின் நீலச்சாயல் இல்லாமல் இளம் மஞ்சள் கலந்த வெண்மையாக இருக்கும், செம்போடு சேர்ந்து பார்க்க அருமை. துடைப்பதும் சுலபம். ஆனால் செம்பு தெரியும் அளவுக்கு ஆழமாகக் கீறிவிட்டால் அந்தச் சிவப்புக் கோடு அப்படியே நிற்கும். மறுமுலாம் பட்டறை வேலை. வீட்டில் யாருக்காவது தோடோ கைக்கடிகாரமோ பட்டுத் தோல் தடித்த அனுபவம் இருந்தால், அது நிக்கல் ஒவ்வாமையா என்று மருத்துவரிடம் உறுதிசெய்த பிறகே இதை முடிவு செய்யுங்கள்.

சுத்தியலால் தட்டிய பரப்பா, வழுவழுப்பா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. தட்டத் தட்டச் செம்பு இறுகும், சின்னக் கீறலும் நீர்ப்பொட்டும் அந்தப் பள்ளங்களில் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

என் தேர்வு, உள்ளே பூச்சில்லாத தட்டிய அடர்பழுப்பு, வெளியே விருப்பமான எதுவும் லாக்கரோடு. குளித்ததும் துடைக்கும் பழக்கம் வராது என்று தெரிந்தவர்கள் உள்ளே நிக்கல் போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் உள்ளங்கை அளவில் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். ஒரு சாவியால் குறுக்கே கீறுங்கள். உங்கள் ஷாம்புவை ஒரு மூலையில் விட்டுக் காயவிடுங்கள். ஒரு மாதம் குளியலறையிலேயே வைத்திருந்து தினமும் நனைத்துவிட்டு, அப்புறம் அந்தக் கீறலைப் பாருங்கள்.