வீட்டைப் பெரிதாக்கச் சொல்லி எங்கள் 48,600 வெள்ளியை விழுங்கிவிட்டார்கள்

48,600 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். வீடு கட்டித் தருகிறோம் என்ற ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் கொடுத்த முன்பணம் அவ்வளவு. அதற்கு ஈடாக எங்கள் கையில் இருப்பது நான்கு தாளில் அச்சடித்த ஒரு பிளானும், எடுக்கவே எடுக்காத ஒரு தொலைபேசி எண்ணும்தான். நேற்று அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. செலவெல்லாம் கழித்து 3,200 வெள்ளி திருப்பித் தருகிறார்களாம், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். படித்ததிலிருந்து எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘சரி விடு, போனது போச்சு’ என்று சொந்தக்காரர்களே வாயை அடைத்துவிடுவார்கள்.

கேஸ் போடப் போவதால் பெயர் சொல்லவில்லை. ஆளை அடையாளம் காணும் அளவுக்கு ரகத்தைச் சொல்கிறேன். ‘நிலம் உங்களுடையது, வீடு எங்கள் பொறுப்பு’ என்று சமூக வலைத்தளத்தில் தமிழிலும் மலாயிலும் விளம்பரம் போடுகிற, கடைவீட்டு மாடியில் ஒரு சின்ன ஆபீஸ் வைத்திருக்கிற ரகம். பிளான், பேங்க் லோன், மாநகர் கழக (கவுன்சில்) அனுமதி, கட்டுமானம், சாவி வரைக்கும் எல்லாம் ஒரே பேக்கேஜ்.

எங்களுக்குப் பினாங்கு மாநிலத்தில் நிபோங் தெபால் பக்கம் 50க்கு 100 அடியில் ஒரு மனை இருக்கிறது. அப்பா தோட்டத்து வேலையில் மிச்சம் பிடித்து வாங்கிப் போட்டது. வீடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு ஒரு அறை வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது. ‘பெருக்கித் துடைக்கப் போறது யாரு?’ என்று என் மனைவி கேட்ட ஒரே கேள்வியில் ஐந்து அறை நான்காகி, நான்கு மூன்றாகியது. கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டது 1,500 சதுர அடி, ஒரே தளம், மூன்று அறை, ஒரு ஹால், பின்பக்கம் வெட் கிச்சன், ஒரு சாமி அறை. யோசித்து, கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது. அந்த முடிவைத்தான் அந்த நிறுவனத்திலிருந்து வந்த ஆள் ஒரே மாலையில் உடைத்தார்.

எப்படி உடைத்தார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து உங்கள் மனைக்கும் இதே ஆள் இதே கயிற்றோடு வருவார்.

நல்லபடியாக உடுத்திய தமிழர். வாசலில் செருப்பைக் கழற்றினார், அம்மா போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்தார், ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பச்சை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ‘லைசன்ஸ் இல்லாதவன்கிட்ட மாட்டிக்காதீங்கம்மா, இப்போ நிறைய ஏமாத்துறானுங்க.’ இதைச் சொன்னது அவர்!

அப்புறம் எங்களையெல்லாம் மனைக்குக் கூட்டிப்போய், மரமுளைகளும் ஒரு உருண்டை நீல ராஃபியா கயிறும் எடுத்து, நாங்கள் சொன்ன 1,500 சதுர அடியை 30க்கு 50 என்று தரையில் அடித்துக் காட்டினார். அம்மா கயிற்றுக்குள் போய் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா?’ என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தார் போல. ‘நீங்க நிக்கிறது ஹால்மா. தீபாவளிக்குப் பேரப்பிள்ளைங்க எல்லாம் வந்தா எங்கே படுக்கும்?’ என்று கேட்டபடியே முளைகளைத் தானே பிடுங்கி வெளியே தள்ளித் தள்ளி அடித்தார். பிள்ளைகள் இரண்டும் புதுக் கயிற்றுக்குள் ஓடிப்பிடித்து விளையாடின. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கேயே வீடு 2,700 சதுர அடி, இரண்டு மாடி ஆகிவிட்டது. ‘மாடி பிள்ளைங்களுக்கு, உங்க ரூம் கீழேதான்மா’ என்றார்.

வெட்டவெளியில் கயிறு கட்டினால் எந்த வீடும் சின்னதாகத்தான் தெரியும். சுவர் இல்லை, கூரை இல்லை, கண்ணுக்கு எதிரே அடுத்தவர் செம்பனைத் தோட்டம்வரை திறந்து கிடக்கிறது. பிளான் வரையும் நண்பர் ஒருவர் பிறகு சொன்னார், ‘இப்போ இருக்கிற வீட்டு ஹாலை டேப் வெச்சு அளந்துட்டு அப்புறம் மனைக்குப் போகணும்’ என்று. பிறையில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டின் ஹால் 12க்கு 11. தீபாவளிக்கு அதில்தான் இத்தனை வருடமும் எல்லாரும் படுத்து எழுந்தோம்.

நான் மட்டும், ‘அறைகள் 12க்கு 11 போதுமே’ என்று இழுத்தேன். ‘14க்கு 12க்குக் குறைஞ்சா கவுன்சில்ல பாஸ் பண்ண மாட்டாங்க சார், புது ரூல்’ என்றார் கண்ணை மூடித் திறக்காமல். பச்சைப் பொய். 1984ஆம் ஆண்டின் ஒரேசீர் கட்டட துணைவிதிகள் என்ன சொல்கின்றன தெரியுமா? முதல் அறை குறைந்தது 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, மற்றவை 6.5. சதுர அடியில் பார்த்தால் ஏறக்குறைய 118, 100, 70. நான் கேட்ட 12க்கு 11 என்பது 132 சதுர அடி. சட்டம் கேட்பதைவிட அதிகம்தான்.

எதற்கு இத்தனை பாடு என்று கேட்கிறீர்களா? கணக்கைப் பாருங்கள். சதுர அடிக்கு 180 வெள்ளி. முன்பணம் மொத்த விலையில் 10 விழுக்காடு. 1,500 சதுர அடிக்கு அது 27,000 வெள்ளி. 2,700 சதுர அடிக்கு 48,600. முளையைப் பிடுங்கி நட்ட அந்த ஒரு மாலையில், ஒரு செங்கல் கூட வாங்காமல், 21,600 வெள்ளி கூடுதலாகச் சம்பாதித்துவிட்டார். வீட்டைக் கட்டும் எண்ணமே இல்லாதவனுக்கு வீடு எவ்வளவு பெரிதானால் என்ன?

‘படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?’ என்று இதுவரை பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள். படித்தோம். முன்பணம் திருப்பித் தரப்படாது என்ற வரியை விரல் வைத்துக் காட்டிக் கேட்டோம். ‘அது நீங்க கேன்சல் பண்ணினாத்தான். நீங்க ஏன் கேன்சல் பண்ணப் போறீங்க?’ என்று சிரித்தார். பிளான் அனுமதி மூன்று மாதத்தில் என்று ஒப்பந்த ஓரத்தில் தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்த ஓர எழுத்துதான் இன்று எங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம். பணம் அப்பா இறந்தபின் வந்த இபிஎப் (ஊழியர் சேமநிதி) தொகையில் ஒரு பகுதி. பேங்கில் டிரான்ஸ்ஃபர் செய்ததால் ரசீதாவது இருக்கிறது.

பிறகு தொடங்கியது சாக்கு. முதலில் மண் பரிசோதனை ரிப்போர்ட் வரவில்லை. அப்புறம் சீனப் பெருநாள், ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்புறம் நோன்பு மாதம், கவுன்சிலில் வேலை மெதுவாம். அப்புறம் மழை. பிளானே பாஸ் ஆகாத வீட்டுக்கு மழை என்ன செய்யும்? கேட்டால், ‘டீம்கிட்ட சொல்லியிருக்கேன் சார்’. அந்த டீமில் இருந்த ஒரு பெண்ணோ, நான் அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் கைகூப்பும் பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கடைசியில் தொல்லை தாங்காமல் பிளானை மட்டும் கொடுத்தார்கள். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். சாமி அறைக்கு நேர் மேலே மாடிக் கழிவறை! ‘மாத்திக்கலாம்மா’ என்றார்கள். நான் பார்த்தது தாளின் வலது கீழ் மூலையை. பிளான் வரைந்தவர் பெயர், பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்க வேண்டிய கட்டம் காலி. மனையின் லாட் எண் மட்டும் இருந்தது, அதுவும் எங்களுடையது இல்லை. வேறு யாருடைய வீட்டையோ எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். நண்பரிடம் காட்டினேன். 50 அடி மனையில் 44 அடி அகல வீடு, இரு பக்கமும் மும்மூன்று அடிதான் சந்து. ‘தனி வீட்டுக்கு இதை எந்தக் கவுண்டர்ல வாங்குவாங்க?’ என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொன்றும் சொன்னார். கட்டி முடித்துக் குடியேற சிசிசி சான்றிதழ் வேண்டும். 2007 முதல் அதைத் தருவது கவுன்சில் இல்லை, பிளானைச் சமர்ப்பித்த ஆர்க்கிடெக்ட் போன்ற பதிவுபெற்ற நிபுணர்தான். மூலையில் பெயரே இல்லாத பிளானுக்கு யார் வந்து சான்றிதழ் தருவார்?

பண்டார் பெர்டாவில் இருக்கும் செபராங் பிறை மாநகர் கழகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அக்கா பொறுமையாகத் தேடிப் பார்த்தார். எங்கள் லாட் எண்ணில் எந்த விண்ணப்பமும் இல்லை, ஒரு காகிதம் கூடப் போகவில்லை. அங்கிருந்து நேரே அந்தக் கடைவீட்டு மாடிக்கு ஏறினேன். ‘பாஸ் சைட்ல இருக்காரு’ என்றது கவுண்டரில் இருந்த பிள்ளை. எந்த சைட் என்று கேட்டேன். முழித்தது. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த வீட்டுப் படங்களில் எதுவாவது இவர்கள் கட்டியதுதானா என்று எனக்கு இப்போது சந்தேகம்.

பச்சை அட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது கட்டுமானத் தளத்துக்குள் வேலை செய்யப் போகிறவர்களுக்குத் தரும் அட்டை. ஒருநாள் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து வாங்கலாம். வீடு கட்டும் குத்தகையாளர் நிறுவனத்துக்கு சிஐடிபி பதிவு தனி, அதில் ஜி1 முதல் ஜி7 வரை தரம் உண்டு, இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். தேடினேன். இவர்கள் நிறுவனத்தின் பெயரில் ஒன்றும் வரவில்லை.

போலீஸ் ரிப்போர்ட் செய்தேன். ஒப்பந்தம் இருப்பதால் சிவில் விவகாரம் மாதிரி தெரிகிறது, பார்க்கிறோம் என்றார்கள். வீடு வாங்குவோர் டிரிபியூனல் (தீர்ப்பாயம்) இருக்கிறதே என்று விசாரித்தேன். அது லைசன்ஸ் பெற்ற மேம்பாட்டாளரிடம் வீடு வாங்கியவர்களுக்கு மட்டும். சொந்த நிலத்தில் கட்டக் கொடுத்தவனுக்கு அந்த வாசல் இல்லை. மிச்சம் இருப்பது பயனீட்டாளர் டிரிபியூனல். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. அங்கே கேட்கக்கூடிய தொகை 2019இல் 25,000இலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்தது. எங்கள் 48,600 மயிரிழையில் உள்ளே அடங்குகிறது. அந்த ஆள் இன்னும் ஒரு 100 சதுர அடி முளையைத் தள்ளியிருந்தால் முன்பணம் 50,400 ஆகி, மிச்சத்தை விட்டுக்கொடுத்துத்தான் உள்ளே போயிருக்க வேண்டும்.

இதற்கிடையில்தான் நேற்றைய கடிதம். மண் பரிசோதனைச் செலவாம்! எங்கள் மனையில் இன்றுவரை ஒரு குழி தோண்டியதில்லை. 48,600இல் 3,200 தருகிறார்களாம், பெருந்தன்மை!

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நைட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, பாயான் லெப்பாஸ் பஸ் வந்துவிடும். அவசரமாக நாலு வார்த்தை. முன்பணத்தை விழுக்காட்டுக் கணக்கில் கொடுக்காதீர்கள், பிளானுக்குத் தனி, வேலைக்குத் தனி என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஆர்க்கிடெக்ட்டையோ பதிவுபெற்ற பிளான் வரைபவரையோ நீங்களே பிடியுங்கள், கட்டுபவன் கொண்டுவரும் ஆள் வேண்டாம். பிளான் போட்டாயிற்று என்று சொன்னால் கவுன்சில் ரசீதைக் கேளுங்கள். வீடு எத்தனை சதுர அடி என்பதை விற்க வந்தவன் முன்னால் பேசாதீர்கள்.

பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் தெபால் பக்கம் இதே நீலக் கயிற்று ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். ரசீதும் ஒப்பந்தமும் பத்திரமா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், 3,200, 4,000 என்று எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடாதீர்கள். அடுத்த வாரம் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் யோசனை கேட்கப் போகிறேன், கூட வருகிறவர்கள் வரலாம்.