கரையாத எஸ்டருக்கு எந்தச் சோதனை?

பி.வி.சி. தாள்களை வளையச் செய்யும் நெகிழியாக்கிகளுள் டை(2-எத்தில்ஹெக்சில்) அடிபேட்டும் ஒன்று. தண்ணீரில் மிக அரிதாகவே கரையும் இத்தகைய எஸ்டர்கள் (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்து உருவாகும் சேர்மங்கள்), முதுகெலும்பற்ற நீர்வாழ் உயிர்களுக்கு நாள்பட்ட தீங்கு செய்யுமா என்று அறிய மூன்று வழிகள் உள்ளன: டாஃப்னியா மேக்னா என்னும் நீர்த்தெள்ளின் இனப்பெருக்கச் சோதனை, நீரடியில் படியும் மண்ணில், அதாவது படிவில், வாழும் உயிர்களை வைத்துச் செய்யும் சோதனை, ஆய்வகத்துக்கே போகாமல் கணித்துவிடுவது.

முதலாவதே பழக்கமான வழி. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) வேதிப்பொருள் சோதனைகளுக்கான 211ஆம் வழிகாட்டுதலின்படி, பிறந்து 24 மணி நேரம் ஆகாத பெண் தெள்ளுகளை 21 நாள் வளர்த்து, அவை ஈனும் குஞ்சுகளை எண்ண வேண்டும். வேதிப்பொருள் சேராத கட்டுப்பாட்டுக் குவளைகளில், இறுதிவரை உயிரோடிருக்கும் ஒவ்வொரு தாய்க்கும் சராசரியாக 60 குஞ்சுகளாவது இல்லையென்றால் சோதனை செல்லாது. இனப்பெருக்கத்தையே நேரடியாக அளப்பதால் இதன் முடிவுக்கு மதிப்பு அதிகம். ஆனால் பொருள் உண்மையிலேயே கரைந்திருந்தால்தான் அந்த மதிப்பு நிற்கும். மேற்சொன்ன அடிபேட்டின் கரைதிறன் லிட்டருக்கு 0.78 மில்லிகிராம் என 1986இல் வெளியான ஆய்வொன்று கொண்டது. லிட்டருக்கு சுமார் 0.02 முதல் 0.05 மில்லிகிராமுக்குள்ளேயே டாஃப்னியாவுக்கு நாள்பட்ட பாதிப்பு தொடங்குவதாகவும் அது காட்டியது. 2008இல், நீரைக் கலக்கிவிடாமல் மெதுவாகக் கிளறும் முறையில் மறுபடி அளந்தபோது கரைதிறன் லிட்டருக்கு 5.5 மைக்ரோகிராம்தான் (0.0055 மில்லிகிராம்) என்று தெரிந்தது. அந்த வரம்பையொட்டி நடத்திய சோதனையில் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. அப்படியானால் பழைய குவளைகளில் இருந்தது கரைசல் அன்று, நுண்துளிகள் மிதந்த நீர் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. நெகிழியாக்கிகளின் இன்னொரு குடும்பமான தாலேட் எஸ்டர்களில் நீண்ட கரிமச் சங்கிலி கொண்டவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு: நீரின் மேற்பரப்பில் படரும் எண்ணெய்ப் படலத்தில் தெள்ளுகள் சிக்கி மிதந்து சாகும், அந்தச் சாவு நச்சுத்தன்மையின் கணக்கில் ஏறிவிடும். அசிட்டோன் போன்ற கரைப்பானைச் சேர்த்தால் பொருள் நீரில் எளிதாகப் பரவும் என்பது மெய்தான். ஆனால் கரைதிறனை மீறிய அளவை அது கரைத்துவிடாது, மீறலை மறைக்கத்தான் செய்யும்.

நீரில் நிற்காத பொருள் கடைசியில் அடிமண்ணில் போய்ப் படியும் என்பதால், படிவுச் சோதனை இத்தகைய எஸ்டர்களுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. இதற்கான இரண்டு ஓ.இ.சி.டி. வழிகாட்டுதல்களில் 225ஆம் வழிகாட்டுதலின் பக்கமே எனக்குச் சார்பு உண்டு. 218ஆம் வழிகாட்டுதலில் கைரோனோமஸ் ஈயின் புழுக்களுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து உணவு இடப்படுவதால், அவை மாசுபட்ட மண்ணை உண்ணாமலே வளர்ந்துவிட வாய்ப்பிருக்கிறது. 225ஆம் வழிகாட்டுதலிலோ உணவைப் படிவோடு முன்னரே கலந்துவிடுவதால், லம்ப்ரிகுலஸ் புழு தின்பதெல்லாம் மாசோடுதான். (உடல் துண்டாகிப் பெருகும் இப்புழுக்களை, ஒரே நிலையிலிருந்து தொடங்குவதற்காகச் சோதனைக்குச் சில நாள் முன்பே கத்தியால் நறுக்கி வைப்பார்கள்.) சோதனைக் காலம் 28 நாள்.

கணிப்பு மலிவானது, பல வேளை சரியாகவும் இருப்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் ஈக்கோசார் மென்பொருளில் எஸ்டர்களுக்கென்றே தனி வகுப்பு உண்டு. ஆக்டனால்–நீர்ப் பங்கீட்டு மடக்கை (ஒரு பொருள் நீரைவிட எண்ணெய்த் தன்மையுள்ள ஆக்டனாலை எவ்வளவு நாடுகிறது என்று காட்டும் எண்) 8ஐத் தாண்டினால், கரைதிறன் வரம்புக்குள் நாள்பட்ட விளைவை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்கிறது அது. ஆனால் அந்த மடக்கையே பெரும்பாலும் இன்னொரு கணிப்பிலிருந்து வருகிறது. ஒத்த எஸ்டரின் தரவைக் கடன் வாங்கும்போதும், இரண்டும் சிதைந்து எந்த ஆல்கஹாலையும் அமிலத்தையும் தரும் என்று காட்டாமல் விட்டால் வாதம் நொண்டும்.

எனவே லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடக் கரையாத எஸ்டருக்கு, முதலில் மெதுகிளறல் முறையில் கரைதிறனை அளந்து, அந்த வரம்பில் ஒரே செறிவில் டாஃப்னியா சோதனையை நடத்தி, செலவைப் பார்க்காமல் லம்ப்ரிகுலஸ் சோதனையையும் சேர்ப்பதையே நான் தேர்வேன். கணிப்பை அவற்றுக்குத் துணைச் சான்றாக மட்டும் வைப்பேன். லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கரையும் டைபியூட்டைல் தாலேட் போன்ற குறுஞ்சங்கிலி எஸ்டர்களுக்கு இத்தனை சுற்று வேண்டாம். அங்கே டாஃப்னியா சோதனையை வழக்கமான ஐந்து செறிவுகளில் நேராக நடத்தலாம்.