ட்ரிப்பிளா, ட்ரெபிளா?

மும்மடங்கைக் குறிக்க ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். தாய் ஒன்றுதான்: லத்தீனின் ‘ட்ரிப்ளுஸ்’. ட்ரிப்பிளில் ‘கப்பல்’ என்பதன் வல்லோசை கேட்கும். பழைய பிரெஞ்சு வழியாக வந்த ட்ரெபிளிலோ ‘கம்பம்’ என்பதன் மெலிந்த பகரம்.

மும்முறைத் தாண்டல் ட்ரிப்பிள் ஜம்ப்தான். அதை ட்ரெபிள் ஆக்கினால் சிரிப்பார்கள். ஆனால் 1999-இல் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி ஒரே பருவத்தில் வென்ற மூன்று கோப்பைகளுக்குப் பெயர் ட்ரெபிள். பலகையில் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தில் 60 புள்ளி தருவது ட்ரெபிள் இருபது. இசையில் உச்சக் குரலும் ட்ரெபிளே. இடைக்காலத்தில் மூன்றாவதாகச் சேர்ந்த மேல்குரலின் எச்சம் அது. அமெரிக்கர்கள் மடங்குக் கணக்குக்கு ட்ரிப்பிளையே எடுப்பார்கள். சந்தேகம் வந்தால் நானும் அப்படித்தான்.